லாபம் புள்ளி எட்டு

செஞ்சிக் கடைத்தெருவில் பிண்ணாக்கு மண்டி வைத்திருந்த கந்தசாமியின் இளைய மகள் ஜானகி, கிடைக்காது என்று மற்றவர்கள் கைவிட்டதை எல்லாம் வாங்கிக் காட்டியவள். இடது பாதம் பிறவியிலேயே கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருந்தும் பள்ளிக்கூடத்து எலுமிச்சைப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். மற்றவர்கள் ஓடினார்கள், இவள் ஸ்பூனைப் பார்த்துக்கொண்டு நடந்தாள், ஓடியவர்களின் பழங்கள் எல்லாம் வழியிலேயே உருண்டுவிட்டன. பெண்பிள்ளைகளுக்குக் கணக்குப் பிரிவு கிடையாது என்ற காலத்தில் ஆண்பிள்ளைகள் வகுப்பில் தனி பெஞ்சு போட்டு உட்கார்ந்து படித்தாள். எம்.எஸ்ஸி. கணக்கு முடித்தவளுக்குச் சென்னையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் வேதிப்பொறியியல் துறையில் ஆராய்ச்சி இடம் கிடைத்தது; அதுவரை அந்தத் துறையில் பெண்களுக்கென்று ஒரு நாற்காலிகூட இருந்ததில்லை. திண்டிவனம் பஸ்ஸில் ஒரு கணக்கு மிஷினை லக்கேஜ் டிக்கெட் இல்லாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். சுவரோடு சுவராகப் பிண்ணாக்கு அடுக்குவதே பரம்பரை வழக்கம் என்றிருந்த தன் நைனாவை, கிடங்கின் நடுவில் சந்து விட வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, விடை இல்லை என்பதும் ஒரு விடைதான் என்று தன் பேராசிரியரின் வாயால் சொல்ல வைத்தாள். இந்தக் கடைசி மூன்றும் ஒரே கோடை விடுமுறையில் நடந்தவை. இது அந்த விடுமுறையின் கதை.

எல்லாம் ஒரு பூனையில்தான் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். மண்டிக்குப் பின்னால் இருந்த கிடங்கில் கடலைப் பிண்ணாக்கைத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். மார்கழிக் குளிரில் கடைப் பூனை அந்த அடுக்கின் மேல் ஏறிப் படுக்கும். ஓரத்தில் படுக்காது, சரியாக நடுவில்தான் படுக்கும். ஜானகி சின்ன வயதிலேயே இதைக் கவனித்தாள். ஒருநாள் தட்டுகளுக்கு இடையில் கையை விட்டுப் பார்த்தாள். வெளியே சில்லென்று இருந்தது, உள்ளே போகப் போக வெதுவெதுப்பு.

"உள்ள யாரு அடுப்பு வச்சாங்க, நைனா?" என்று கேட்டாள்.

"யாரும் வைக்கல கண்ணு. பிண்ணாக்கு தானா சுட்டுக்கும். ஈரப்பதமும் எண்ணெயும் இருக்குது இல்ல," என்றார் கந்தசாமி.

"எவ்ளோ சுட்டுக்கும்?"

கந்தசாமி தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டவள் அதை விடவில்லை. சென்னையில் பேராசிரியர் தேவசகாயம், ஆராய்ச்சிக்கு எந்தப் பொருள் வேண்டும் என்று அவளைக் கேட்டபோது, "பிண்ணாக்கு அடுக்கு எவ்வளவு சுடும் என்று கண்டுபிடிக்கணும் சார்," என்றாள். துறையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். தேவசகாயம் சிரிக்கவில்லை. அவர் அவலூர்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய ஊரிலும் ஒரு கிடங்கு தானாக எரிந்திருக்கிறது. பீடி குடித்தவன் எவனோ என்று ஊரே ஆள் தேடியிருக்கிறது.

கணக்கு இதுதான். அடுக்கின் இரண்டு பக்கச் சுவர்களிலும் வெளிக்காற்றின் சூடு என்ன என்பது தெரியும். உள்ளே என்ன சூடு என்பது தெரியாது. பிண்ணாக்கு தானாகச் சுடுகிறது. சுடச் சுட இன்னும் வேகமாகச் சுடுகிறது. அந்தச் சூடு மெல்ல மெல்லச் சுவர் வழியாக வெளியே போகிறது. உள்ளே பிறக்கும் சூடும் வெளியே போகும் சூடும் சமமாகிவிட்டால் அடுக்கு அப்படியே நிற்கும். அந்த நிலையில் நடுவில் எவ்வளவு சூடு என்பதுதான் கேள்வி. நேராக ஒரு வரியில் போட்டு விடை எடுக்க முடியாது, ஏனென்றால் சூடே சூட்டை வளர்க்கிறது. அதனால் ஜானகி நடுவில் ஒரு சூட்டை அனுமானமாக வைத்துக்கொள்வாள். அங்கிருந்து சுவரை நோக்கி விரற்கடை விரற்கடையாகக் கணக்குப் போட்டு நடப்பாள். சுவருக்கு வந்து சேரும்போது வெளிக்காற்றின் சூடு வந்தால் அனுமானம் சரி. வராவிட்டால், பத்தில் ஒரு பங்கு குறைத்து இரண்டாம் முறை நடப்பாள். இரண்டு நடையும் சுவரை எவ்வளவு தவறவிட்டன என்று பார்த்து, அந்த விகிதப்படி மூன்றாவது அனுமானத்தை வைப்பாள். விடை கையில் சிக்கும்வரை இப்படியே.

சூட்டை டிகிரியில் எழுதாமல் தன் வசதிக்கு ஓர் அளவு வைத்திருந்தாள். அதில் சுவரின் சூடு பூஜ்யம். ஆறடி அகல அடுக்கின் நடுவில் 0.11 வந்தது. பன்னிரண்டு அடி அகலத்துக்கு 0.75 வந்தது. மூன்றாவது, பதினாறு அடி. அவளுடைய நைனாவின் கிடங்கில் இருந்ததே அந்த அகலம்தான். அதுதான் முடியவில்லை. எந்த அனுமானம் வைத்து நடந்தாலும், சுவருக்கு வரும்போது எண் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. அனுமானத்தைக் கூட்டினால் கொஞ்சம் கிட்டே வரும். இன்னும் கூட்டினால் மறுபடி விலகிப் போகும்.

விடுமுறைக்குக் கல்லூரி மூடும்போது தேவசகாயம் அவளைக் கூப்பிட்டார்.

"மூணுக்கும் விடை வேணும்மா. காலேஜ் திறந்ததும் ஸ்காலர்ஷிப் குழு கூடும். ரெண்டு அடுக்குக்குப் போட்டேன், மூணாவது வரலைன்னு நான் போய் நின்னா, அடுத்த வருஷத்துக்கு நீட்டமாட்டாங்க. மிஷினை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. நான் ஊருக்குப் போயிட்டுத் திரும்பும்போது செஞ்சியிலதான் பஸ் மாறணும். கடைக்கு வந்து மிஷினையும் தாளையும் வாங்கிக்கறேன். தாள்ல கையெழுத்து இருக்கணும்."

"உங்க கையெழுத்தா சார்?"

"உன் கையெழுத்து. தப்பா இருந்தாலும் உன் பேரு, சரியா இருந்தாலும் உன் பேரு."

ஜானகி அதுவரை எந்தக் கணக்குத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. எல்லாம் பென்சில். முடியாத கணக்கின் கீழே பேர் எழுதுவது அவளுக்கு வாய் கொப்பளிக்காமல் சாப்பிடுவது மாதிரி. ஸ்காலர்ஷிப் நீளாவிட்டால், துறையில் அவளுக்கென்று கிடைத்திருந்த ஜன்னலோரத்து மேஜையைக் காலி செய்துவிட்டு வர வேண்டியதுதான். அந்த மேஜையை விட்டு வருவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மிஷின் கையால் சுற்றுவது. முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும், எண் கைமீறிப் போனால் மணி அடிக்கும். இரும்பு கனம். திண்டிவனத்தில் பஸ் ஏறியபோது கண்டக்டர் பார்த்தார்.

"இன்னாம்மா இது, காபிக்கொட்டை அரைக்கறதா?"

"கணக்கு மிஷின்."

"கணக்கு போடுமா? அப்ப என் டிக்கெட் கணக்கப் போடச் சொல்லு. லக்கேஜ்னா மேல ஏத்தணும்."

"மேல ஏத்தினா குலுங்கி ஒண்ணும் ஒண்ணும் மூணுன்னு சொல்லும். மடியிலயே இருக்கட்டும். கைக்கொழந்தைக்கு டிக்கெட் இல்ல தானே?"

கண்டக்டர் யோசித்தார். "கொழந்த அழுதா எறக்கி வுட்டுடுவேன்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வல்லம் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தது. மிஷினில் மணி அடித்தது. முன்னால் இருந்த டிரைவர், இறங்கத்தான் அடிக்கிறார்கள் என்று வண்டியை நிறுத்திவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் செஞ்சி வரை சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

மண்டியில் கந்தசாமி தன் மேஜையைத் துடைத்து மிஷினுக்குக் கொடுத்துவிட்டு, தராசுக்குப் பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்துகொண்டார். கடைத்தெருவே வந்து பார்த்தது. எதிர்க்கடை தாண்டவராயன் மாமா, "ஏம்மா, இதுல ஜாதகம் பாக்கலாமா?" என்று கேட்டார். "பாக்கலாம் மாமா, உங்களுக்கு ஆயுசு கெட்டின்னு ஒவ்வொரு சுத்துக்கும் வருது," என்றாள் ஜானகி. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா சாரதா மத்தியான வேலை முடிந்ததும் வந்து, தாள்களில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுப்பாள். ஜானகியோடு படித்த ரோஸ்மேரியும் வருவாள். அவள் தொண்டூர்ப் பக்கம் கொல்லை வைத்திருந்த காஸ்பரின் மகள். காஸ்பர் விளைவிக்கும் வேர்க்கடலை, ஊர்ப்பேச்சில் மணிலாக்கொட்டை, இந்த மண்டிக்குத்தான் வரும். ரோஸ்மேரியின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் எண்களை எழுதும் வேலை அவளுக்கு.

பதினாறு அடி அடுக்கு அசைந்து கொடுக்கவில்லை. ராஜகிரிக் கோட்டைப் பாறை வெயிலில் காய்ந்து ஊரெல்லாம் அனல் அடித்தது. ஜானகி சுற்றினாள், நடந்தாள், சுவருக்கு வந்தாள், எண் கீழே போயிற்று. தாளைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"இன்னாடி, இன்னும் கையெழுத்து போடலியா?" என்று ரோஸ்மேரி தினமும் கேட்பாள்.

"போடறேன் இரு. இங்க் காயல."

"நீ பென்சில்ல எழுதறே."

பேராசிரியர் வரும் நாள் நெருங்க நெருங்க ஜானகியின் பேச்சு குறைந்தது. சாரதா மோரைக் கொண்டுவந்து வைத்தால் அப்படியே நீர் தெளிந்து கிடக்கும். கந்தசாமி அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "வரலன்னா வுடு பாப்பா. நம்ம கடையில கணக்கே இல்லயா? மிஷினை நான் வாங்கித் தரேன்."

"நம்ம கடைக் கணக்கு ரெண்டு பக்கமும் சரியா நிக்கும் நைனா. அதுல எனக்கு இன்னா வேல?"

"அப்ப மிஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும். பஸ்ஸுல குதிச்சுது இல்ல?"

அவர் சமாதானத்துக்குச் சொன்னதுதான். ஆனால் ஜானகி நிமிர்ந்தாள். அது நியாயமான சந்தேகம். சென்னையில் முடித்த பன்னிரண்டு அடிக் கணக்கை இங்கே மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்க்கலாம். அதே 0.75 வந்தால் மிஷின் சரி, குற்றம் தன்னிடம். வராவிட்டால் குற்றம் மிஷினிடம். மனசுக்குள் அவள் மிஷின்மேல்தான் பழி போடப் பார்த்தாள்.

பழைய தாளை நைனாவிடம் கொடுத்தாள். "முதல் அனுமானம் மேல இருக்குது. படிங்க. ரோஸ், நீ புதுத் தாள்ல எழுது. நான் மிஷினை மட்டும் பாக்கறேன். பழைய விடை என் கண்ணுல படக் கூடாது."

கந்தசாமி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். தாளில் இருந்தது 0.8. அவர் முப்பது வருஷமாக மரக்காலில் மணிலாக்கொட்டை அளப்பவர். அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். "லாபம்" என்று சொல்லிப் போடுவார்கள், அடுத்ததுதான் "ரெண்டு". புதுத் தாள், புதுக் கணக்கு, மகள் எதிரில் கவலையோடு உட்கார்ந்திருக்கிறாள். நல்ல வார்த்தை சொல்லித் தொடங்காமல் அவருக்கு எப்படி வாய் வரும்?

"லாபம்..." என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "புள்ளி எட்டு."

ரோஸ்மேரி பிறந்ததிலிருந்து தன் அப்பாவின் கொட்டையை இதே குரல் அளப்பதைக் கேட்டு வளர்ந்தவள். லாபம் என்றால் அவளுக்கு ஒன்று. அச்சு மாதிரி எழுதினாள்: 1.8.

ஜானகி சுற்ற ஆரம்பித்தாள். ரோஸ்மேரி தாளைப் பார்த்து எண்ணைச் சொல்வாள், ஜானகி மிஷின் பல்லை நகர்த்திச் சுற்றுவாள், அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டுவாள், அடுத்த விரற்கடைக்குப் போவாள். சுவருக்கு வந்தபோது எண் பூஜ்யத்துக்கு மயிரிழை கீழே நின்றது. வழக்கம்போலப் பத்தில் ஒன்று குறைத்து மறுபடி நடந்தாள். இப்போது கொஞ்சம் மேலே நின்றது. இரண்டுக்கும் விகிதம் போட்டு மூன்றாவது நடை. சுவரில் பூஜ்யம் வந்து உட்கார்ந்தது.

"வந்துடுச்சு," என்றாள் ஜானகி. குரலில் சந்தோஷம் இல்லை. "மிஷின் நல்லாத்தான் இருக்குது. நடுவுல எவ்ளோன்னு படி, 0.75 தானே?"

"ஒண்ணு புள்ளி ஏழு ஏழு," என்றாள் ரோஸ்மேரி.

"இன்னாது?"

"1.77."

ஜானகி எழுந்து வந்து தாளை வாங்கினாள். மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தாள். முதல் வரியில் விரல் நின்றது. "ஒண்ணு புள்ளி எட்டா? யாரு சொன்னா இத?"

"உங்க நைனாதான்."

"நானா? நான் புள்ளி எட்டுன்னுதான் சொன்னேன்," என்றார் கந்தசாமி.

"லாபம் புள்ளி எட்டுன்னு சொன்னீங்க மாமா."

"அது... ஆரம்பிக்கறதுக்குச் சொன்னதும்மா."

"எங்கப்பா கொட்டைய அளக்கும்போது லாபம்னு சொல்லிப் போடறது முதல் மரக்காலா, இல்ல சும்மா ஆரம்பிக்கறதுக்கா? இத்தினி வருஷமா எங்களுக்கு ஒரு மரக்கா போச்சா?"

சாரதா ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கந்தசாமி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எதிர்க்கடையிலிருந்து தாண்டவராயன் மாமா, "இன்னாப்பா அங்க, மிஷின் ஜோக்கு சொல்லுதா?" என்று கேட்டார்.

ஜானகி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுமானம் தப்பாக எழுதப்பட்டது, சரி. ஆனால் அனுமானம் தப்பாக இருந்தால் சுவரில் பூஜ்யம் வந்திருக்கக் கூடாது. வந்திருக்கிறது.

"அக்கா, இந்தக் கணக்கை மறுபடி போடணும். எங்கயாவது தப்பு இருக்குதான்னு பாக்கணும்."

மறுபடி போட்டார்கள். சாரதா ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தாள். தப்பு இல்லை. அதே பன்னிரண்டு அடி அடுக்கு, அதே பிண்ணாக்கு, அதே செஞ்சி வெயில்; நடுவில் 0.75 இருந்தாலும் கணக்கு நிற்கிறது, 1.77 இருந்தாலும் நிற்கிறது. ஒரு கேள்விக்கு இரண்டு விடை.

அன்று மாலை கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பிய ஜானகி கோயிலுக்குப் போகவில்லை, ஏரிக்கரையில் போய் நின்றாள். மறுநாள் வந்ததும் சாரதாவிடம் பெரிய கட்டத்தாள் கேட்டாள். கிடைமட்டமாக நடுவில் வைக்கும் அனுமானங்களைக் குறித்தாள். ஒவ்வொரு அனுமானமும் சுவரில் எந்த எண்ணுக்கு வந்து சேர்கிறது என்று மேலேயும் கீழேயும் புள்ளி வைத்தாள். பன்னிரண்டு அடி அடுக்கின் புள்ளிகளைச் சேர்த்தபோது ஒரு மேடு வந்தது. பூஜ்யக் கோட்டின் மேல் 0.75-இல் ஏறி, 1.77-இல் இறங்கியது. ஆறடி அடுக்கைப் போட்டாள். அங்கேயும் மேடுதான், ஆனால் பெரிய மேடு. 0.11-இல் ஏறி நாலரைக்குக் கிட்டத்தில்தான் இறங்கியது. சென்னையில் அவ்வளவு தூரம் அவள் போய்ப் பார்த்ததே இல்லை.

பிறகு, சும்மா கவிழ்த்து வைத்திருந்த பதினாறு அடித் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். கிட்டே வந்து விலகிப் போன அந்த எண்கள்தான். புள்ளி வைத்தாள். அங்கேயும் மேடு வந்தது. முழுக்கப் பூஜ்யக் கோட்டுக்குக் கீழே.

ரோஸ்மேரி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "நம்ம ஏரிக்குள்ள நிக்கற பாறை மாதிரி இருக்குது. தண்ணி கம்மியா இருந்தா பாறைக்கு ரெண்டு பக்கமும் கரை தெரியும். ஏறுனா கரை கிட்ட கிட்ட வரும். ரொம்பினா மூழ்கிடும்."

"நேத்து அதத்தான் பாத்துட்டு வந்தேன்," என்றாள் ஜானகி. அப்போதுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் பரவுவதற்குள் ரோஸ்மேரியின் கையைப் பிடித்து இழுத்து, பூனை மிரண்டு ஓடும்படி அந்தச் சின்ன இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

விஷயம் இதுதான். சின்ன விடை, அடுக்கு சாதாரணமாக நிற்கும் சூடு. பெரிய விடை, அபாய எல்லை. அதற்கு மேல் சூடேறினால் அடுக்கு திரும்பி வராது, எரிந்துதான் அடங்கும். அடுக்கை அகலமாக்க ஆக்க இரண்டு விடையும் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. பன்னிரண்டரை அடிக்குப் பக்கத்தில் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. அதற்கு மேல் விடையே இல்லை. பதினாறு அடிக்கு அவள் தேடிய எண் தொலைந்துபோகவில்லை. அது அங்கே இல்லவே இல்லை. அவ்வளவு அகலமான அடுக்குக்கு நிற்பதற்கு ஒரு சூடு கிடையாது. மெல்ல ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இதைச் சொல்லி முடித்ததும் ஜானகி சட்டென்று நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். கந்தசாமி கிடங்கின் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்மது பதினாறு," என்றார்.

"ஆமா நைனா."

"எங்க நைனா காலத்துலருந்து அப்படித்தானே அடுக்கறோம்? ஒண்ணும் ஆகலயே."

"ஒவ்வொரு வருஷமும் சூடேறதுக்குள்ள வித்துட்டீங்க. இந்த வருஷம் சரக்கு ரொம்ப நாளா நிக்குது. நடுவுல பிரிச்சுப் பாக்கலாம். ஒண்ணும் இல்லன்னா நானே மறுபடி அடுக்கிக் குடுக்கறேன்."

"நீ அடுக்குவியா? உன் அக்காவும் கட்டம் போட்டுக் குடுப்பாளா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கந்தசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். ஆட்களைக் கூப்பிட்டு நடுவில் தட்டுகளை எடுக்கச் சொன்னார். மேல்தட்டுகள் மஞ்சளாக இருந்தன. கீழே போகப் போக நிறம் மாறியது. பாதி ஆழத்தில் எடுத்த தட்டு நல்ல பழுப்பு. கையில் வைத்திருக்க முடியாமல் ஆள் அதைக் கீழே போட்டான். கிடங்கிலிருந்து வெளியே வந்த வாசனை கடைத்தெரு முழுக்கப் பரவியது. வறுத்த வேர்க்கடலை வாசனை.

தாண்டவராயன் மாமா மூக்கைத் தூக்கிக்கொண்டே வந்தார். "யாருப்பா கடலை வறுக்கறது?"

"யாரும் வறுக்கல. தானா வறுபட்டிருக்குது," என்றார் கந்தசாமி. அந்தப் பழுப்புத் தட்டை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார். பிறகு மகளிடம், "இதான் உன் விடையா?" என்று கேட்டார்.

"விடை இல்லன்றதுதான் விடை, நைனா."

நடுவில் ஆள் நடக்கும் அகலத்துக்குச் சந்து விட்டு அடுக்கை இரண்டாகப் பிரித்தார்கள். அதற்குப் பின் அந்தக் கிடங்கில் சந்து இல்லாத அடுக்கே இருந்ததில்லை. பூனைக்குத்தான் வருத்தம், எந்த அடுக்கின் நடுவில் படுப்பது என்று தெரியாமல் சில நாள் சந்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது.

தேவசகாயம் சொன்னபடியே வந்தார். அவலூர்பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் பையோடு மண்டிக்குள் நுழைந்து, கந்தசாமி கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கேள்வியே, "பதினாறு அடிக்கு எவ்வளவு வந்தது?" என்பதுதான்.

"வரலை சார்."

அவர் முகம் சுருங்கியது. ஜானகி கட்டத்தாளை அவர்முன் விரித்தாள். மூன்று மேடுகள், ஒரு கோடு. அவர் ஒவ்வொரு மேட்டின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்தார். சாரதா காபி வைத்துவிட்டுப் போனாள். காபி ஆறியது.

"இந்த ரெண்டாவது விடை எப்படிக் கிடைச்சது உனக்கு? முதல் அனுமானம் 1.8-ன்னு ஏன் வச்சே? சென்னையில 0.8 தானே?"

ஜானகி நைனாவைப் பார்த்தாள். நைனா ரோஸ்மேரியைப் பார்த்தார். ரோஸ்மேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மண்டி வழக்கம் சார்," என்றாள் ஜானகி.

விஷயத்தைக் கேட்டு முடித்ததும் தேவசகாயம் நாற்காலி கிறீச்சிடச் சிரித்தார். "எங்கப்பாவும் அப்படித்தாம்மா அளப்பாரு. இதை ரிப்போர்ட்ல இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?"

"எழுத வேணாம் சார்."

"சாதாரணமான வடிவங்களுக்கு இப்படி ரெண்டு விடை வரும், ஒரு அளவுக்கு மேல விடையே இருக்காதுன்னு வெளிநாட்டுல எழுதியிருக்காங்க. நானும் படிச்சிருக்கேன். ஆனா நம்ம பிண்ணாக்குக்கு, நம்ம கிடங்குக்கு யாரும் போட்டுப் பாக்கலை. எனக்கும் தோணலை, மூணாவதுக்கு ஒரு எண் குடுன்னு உன்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன்." அவர் எழுந்து கிடங்குக்குள் போனார். சந்தில் நின்று தட்டுகளுக்கு இடையில் கையை விட்டுப் பார்த்தார். எடுத்து வைத்திருந்த பழுப்புத் தட்டிலிருந்து ஒரு துண்டை உடைத்து மோந்தார். திரும்பி வந்து, "பதினாறு அடிக்கு விடை இல்லை. அதுதான் விடை. குழுவுக்கு இதுக்கு மேல இன்னா வேணும்? அடுத்த வருஷம் உனக்கு அந்த மேஜை இருக்குது," என்றார்.

கந்தசாமி அதற்குள் எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்துவிட்டார். "தாண்டவராயா, நம்ம ஜானு விடையே வராத கணக்குல பாஸாயிட்டா."

"அந்தக் கணக்குல நானுந்தான் எப்பவோ பாஸு," என்றார் தாண்டவராயன் மாமா.

"சரி, தாளை அடுக்கு. கையெழுத்து எங்கே?" என்றார் தேவசகாயம்.

ஜானகி தாள்களை அடுக்கினாள். ரோஸ்மேரி மூலையில் எண் போட்டாள். முதல் தாளில் 1 என்று எழுதப் போனவளை ஜானகி தடுத்தாள். அங்கே "லாபம்" என்று எழுதச் சொன்னாள். அடுத்ததற்கு 2, அதற்கடுத்து 3. தேவசகாயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கந்தசாமி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மை வருகிறதா என்று தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார். ஹால் டிக்கெட்டிலும் ஹாஸ்டல் பதிவேட்டிலும் ஜானகி அதற்கு முன் எத்தனையோ முறை பேர் எழுதியிருக்கிறாள். அவை, வந்திருக்கிறேன் என்பதற்குப் போட்டவை. 'இது நான் போட்ட கணக்கு' என்பதற்கு அவள் ஒருமுறையும் போட்டதில்லை. லாபம் என்ற தாளின் கீழே, சாரதா ஸ்கேல் வைத்து இழுத்திருந்த கோட்டின் மேல், இடது பாதத்தை நாற்காலிக் காலில் ஊன்றிக்கொண்டு, அவசரப்படாமல் எழுதினாள்: க. ஜானகி. பக்கத்தில் தேதி போட்டாள்.

1966 ஜூன் 9, வியாழக்கிழமை.